அமோனியா அண்ணன் அணி கட்டிய கதை

ஐஸ் ஹாக்கி என்ற விளையாட்டுக்கு மனிதர்கள் செய்த கொடுமைகளை வரிசைப்படுத்தினால், முதல் இடம் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவே கடலோரத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டும் அமோனியா அண்ணனுக்குத்தான். இரண்டாம் இடத்துக்கு ஆள் தேட வேண்டும். அவ்வளவு இடைவெளி.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கிறதாம். நான் பார்த்ததில்லை. ஆளுக்கு முன்னால் ஐஸ் இயந்திரத்து அமோனியா வாசனை வந்துவிடும் என்பதால் கரை முழுக்க அவர் அமோனியாதான். எதிரே நிற்பவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினால், சளி பிடித்திருக்கிறதா என்று அக்கறையாக விசாரிப்பார்.

நான் உத்தரகோசமங்கைக்காரன். இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னையிலிருந்து வேலைக் கடிதம் வரும்வரை அந்தக் கம்பெனி ஆபீஸில் உட்கார்ந்திருந்தேன். எந்த மீன்பிடிப் போட்டுக்கு எத்தனை ஐஸ் பார் என்று கம்ப்யூட்டரில் ஏற்றி டோக்கன் அடித்துக் கொடுக்க வேண்டும். அதே கம்ப்யூட்டரில் யாருக்கும் தெரியாமல் நான் ஏற்றி வைத்திருந்த இன்னொரு சங்கதிதான் ஐஸ் ஹாக்கி மேனேஜர் விளையாட்டு.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இதில் மட்டையைப் பிடிப்பது நாம் இல்லை. நாம் ஓர் அணிக்கு மேனேஜர். யாரை வாங்குவது, யாரை விற்பது, யாரை எந்த வரிசையில் இறக்குவது என்று முடிவு செய்துவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், கம்ப்யூட்டரே ஆட்டத்தை ஆடி, என்ன நடந்தது என்று எழுதிக் காட்டும். சீசன் முடிவில் அணி கடைசி இடத்தில் நின்றால், நிர்வாகக் குழு மேனேஜரை வீட்டுக்கு அனுப்பிவிடும். எண்களைப் படிக்கத் தெரிந்தவனுக்கு இது சொர்க்கம். நான் மூன்றே சீசனில் கோப்பை தூக்கியவன்.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. விசைப்படகுகள் எல்லாம் இரண்டு மாதம் கரையில். தடையில்லாத நாட்டுப்படகுகளுக்காக ஐஸ் உறையும் டேங்க் ஒன்று மட்டும் ஓடியது. அதைப் பார்த்துக்கொள்ள அமோனியா அண்ணன், டோக்கன் அடிக்க நான். ஒரு மத்தியானம் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றவர், திரையைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, ஐஸ் மேலயா ஆடுறாய்ங்க?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தனை டிகிரில?" என்றார். அப்போதே கம்ப்யூட்டரை அணைத்திருக்க வேண்டும். நான் அணைக்கவில்லை.

விளையாட்டில் ஏகப்பட்ட அணிகள். புத்தியுள்ளவன் நல்ல அணியாகப் பார்த்து எடுப்பான். இவர் பட்டியலின் மேலிருந்து விரலை இழுத்துக்கொண்டே போய், அதற்குக் கீழே போக இடமில்லை என்ற இடத்தில் நிறுத்தினார். கனடாவில் ஏதோ ஓர் ஊர் அணி. காரணம் கேட்டேன். பாவம், கடைசியில் கிடக்கிறார்களாம். அத்தோடு ஆராய்ச்சி முடிந்தது.

சரி, கெட்டுப்போன அணியைத் திருப்பிக் கட்டுவது எப்படி என்று பாடம் எடுத்தேன். உலகம் முழுக்க இதற்கு ஒரே வழிதான். முப்பதைத் தாண்டிய ஆட்களை ஈவு இரக்கமில்லாமல் தள்ளிவிட வேண்டும். பதிலுக்கு இளசுகளாக எடுக்க வேண்டும். அண்ணன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, ஆட்கள் எடுக்க வைத்திருந்த நிதி மொத்தத்தையும் மைதானத்தின் குளிர்பதன இயந்திரத்தில் கொட்டினார். "இந்தக் கம்ப்ரசரு பத்தாது தம்பி. ஐஸு கண்ணாடியா நிக்காது, வெளுத்துப் போகும்" என்றார். ஒரே வாரத்தில் உலகத்திலேயே தரமான ஐஸ் எங்கள் மைதானத்தில் இருந்தது. உலகத்திலேயே மட்டமான அணி அதன்மேல் வழுக்கி விழுந்தது.

அடுத்த வில்லங்கம் பெயர்கள். அணியில் இருந்த இருபத்து மூன்று வெளிநாட்டுப் பெயர்களில் ஒன்றுகூட அவர் வாயில் நுழையவில்லை. பெயரை மாற்றும் வசதி உண்டு என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். எங்களிடம் ஐஸ் ஏற்றும் போட்டுகளில் வேலை செய்கிறவர்களின் பெயர்களை அண்ணன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். கோல் காப்பவர் புதுமடம் காதர். தடுப்பு ஆட்டக்காரர் மாரியூர் முனியசாமி. இப்படியே போனது. அடித்தவன் நான் என்பதால், அந்த அணியில் உருப்படியாக இருந்த ஒரே ஆளுக்கு, இருபத்திரண்டு வயது முன்களவீரனுக்கு, என் பெயரை வைத்துக்கொண்டேன். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எண்கள் அப்படி.

விஷயம் கரையில் பரவ அரை நாள் ஆயிற்று. தடைக்காலம். வலை பின்னுவதைத் தவிர வேலையில்லை. காலை பத்து மணிக்கே ஆபீஸ் ஜன்னலில் தலைகள் முளைத்துவிடும். தான் நேற்று எப்படி ஆடினேன் என்று ஒவ்வொருவரும் வந்து கேட்டுப்போனார்கள். கோல் போட்டவன் டீ வாங்கிக் கொடுத்தான். கோட்டை விட்டவன் அந்தப் பக்கமே வரவில்லை.

அருளப்பன் என்று ஒருவர். தெருநாயைக்கூட "வாங்க, போங்க" என்று விரட்டுகிற சாது. ஐஸ் ஹாக்கியில் ஆட்டத்தின் நடுவே கைகலப்பு சகஜம். அடித்துக்கொண்டவர்களை ஐந்து நிமிடம் வெளியே உட்கார வைப்பார்கள். எங்கள் துரதிர்ஷ்டம், அருளப்பன் என்று பெயர் வைத்த ஆள் அணியின் ஆஸ்தான ரவுடி. தொடர்ந்து ஆறு ஆட்டம் அடிதடி. வலை பின்னும் கொட்டகையில் நிஜ அருளப்பனைக் கண்டாலே எல்லோரும் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். ஏழாம் நாள் அவர் மனைவி ஆபீஸுக்கே வந்துவிட்டார். "அவுக அப்படிப்பட்ட ஆளு இல்லண்ணே. மொதல்ல கைய வச்சது யாருன்னு பாருங்க."

நான் சிரித்தேன். அமோனியா அண்ணன் சிரிக்கவில்லை. என்னை உட்கார வைத்து, ஆறு ஆட்டங்களின் அறிக்கையையும் வரி வரியாக மொழிபெயர்க்கச் சொன்னார். ஆறிலும் முதலில் கை வைத்தது எதிரணிக்காரன்தான். அதை அவர் கொட்டகைக்குப் போய்ச் சபையறியச் சொல்லிவிட்டு வந்தார்.

முனியசாமி விவகாரம் இதைவிட மோசம். போட்டு டிரைவர், கோபக்காரர். விளையாட்டில் அவருக்கு வயது முப்பத்தெட்டு, வேகம் நூற்றுக்கு முப்பத்தொன்று. என் கெஞ்சலுக்கு இரங்கி அண்ணன் அவரை எப்போதாவது மட்டுமே களமிறங்கும் கடைசி வரிசைக்குத் தள்ளினார். மறுநாள் முனியசாமி வாசலில். "எங்க போட்டு இனி இங்கன ஐஸ் ஏத்தாது. பாம்பன்ல கம்பெனியா இல்ல?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். செய்தி கம்பெனி முதலாளிக்குப் போனது. பரம்பரையாகக் கடல் வியாபாரம் பார்த்த குடும்பம், கத்திப் பேசி நான் கேட்டதே இல்லை. நேரே அண்ணன் முன்னால் வந்து நின்றார். "அல்லாவுக்காகச் சொல்றேம்ப்பா. அந்த ஆள மொத வரிசையில போட்டுரு. இது என்ன வெளையாட்டுன்னு எனக்குத் தெரியக்கூட வேணாம்."

போட்டார். தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோற்றோம்.

போதாததற்குக் கூண்டு. வங்கக் கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தம் என்று பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். அண்ணன் பொத்தானை அழுத்த மறுத்துவிட்டார். ஆட்கள் இருப்பது கனடாவில், ஆடுவது கூரை போட்ட மைதானத்துக்குள் என்று விளக்கினேன். கூரை இருந்தால் காற்று கேட்டுக்கொண்டா வரும் என்று திருப்பிக் கேட்டார். மூன்று நாள் கழித்துக் கூண்டை இறக்கிய பிறகுதான் கனடாவில் ஆட்டம் நடந்தது. அதிலும் தோற்றோம்.

சீசனில் எட்டு ஆட்டம் மீதி. அணி கடைசி இடத்தில். ஆனால் மேலே இருக்கும் அணிக்கும் எங்களுக்கும் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். தாண்டிவிட்டால் அண்ணன் பதவி பிழைக்கும். வீரர்களை மாற்றிக்கொள்ள அனுமதியுள்ள கடைசி நாளில் சாம்பியன் அணியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. எங்களிடமிருந்து அவர்களுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும். பதிலுக்கு மூன்று பேர் தருகிறார்கள். மூன்று பேரும் முத்துக்கள். இப்படியொரு வாய்ப்பை நான் விளையாடிய காலத்தில் கண்டதில்லை. கேட்டது என்னை.

"அண்ணே, கண்ண மூடிக்கிட்டு வித்துருங்க" என்றேன்.

"ஒன்னையவா?"

"என்னையத்தான். நானேதானே சொல்றேன்."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் முனியசாமி, அருளப்பன் உட்பட நாலைந்து தலைகள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, தடைக்காலத்துல எந்த ஓனராவது ஆள மாத்துவானா? கரையில நிக்கிறவன கழட்டி விட்டா அவன் எங்கிட்டுப் போவான்?"

"அண்ணே, அது வெறும் எண்ணு. அதுக்கு வீடு வாசல் கெடையாது."

"ஒம் பேரு போட்ருக்குல்ல" என்று சொல்லிவிட்டு, மறுப்பு என்ற பொத்தானை அவரே தேடி அழுத்தினார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத மனிதருக்கு அந்த ஒரு பொத்தான் மட்டும் எப்படித் தெரிந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஒரே ஒரு புள்ளியில் கடைசி இடம். நிர்வாகக் குழுவின் கடிதத்தை நான் வாசித்துக் காட்டினேன். தங்கள் சேவைக்கு நன்றி என்று ஆரம்பித்தது. நன்றி சொல்கிறவன் ஏன் போகச் சொல்கிறான் என்று அண்ணன் கேட்டார்.

அடுத்து நடந்ததைத்தான் யாரும் எதிர்பார்க்கவில்லை. மேனேஜர் இல்லாத அணியைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. எடுத்த கையோடு, நான் பாடம் எடுத்த அதே வேலையைப் பத்தே நிமிடத்தில் செய்து முடித்தது. திரையில் வரிகள் ஓடின. முனியசாமி விற்கப்பட்டார். காதர் விடுவிக்கப்பட்டார். அருளப்பன் விற்கப்பட்டார். நான் சாம்பியன் அணிக்குப் போனேன். இருபத்து மூன்று பேரும் இருபத்து மூன்று திசைக்கு.

"என்னைய எங்க அனுப்பிருக்காய்ங்க?" என்று ஜன்னலில் நின்ற அருளப்பன் மெதுவாகக் கேட்டார். ஊர் பெயரைச் சொன்னேன். "முனியசாமியும் அங்கனதானா?" இல்லை, அவர் வேறு ஊர் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனார். முந்தின மாதம் வரிசைக்காகச் சண்டை போட்ட முனியசாமியும் அவர் பின்னாலேயே போனார். நான் சொல்லிக்கொடுத்த வழி எவ்வளவு சரியானது என்று அன்று கண்ணால் பார்த்தேன். ஏனோ பெருமைப்படத் தோன்றவில்லை.

தடை முடிந்தது, போட்டுகள் கடலுக்குப் போயின, என் கடிதமும் வந்தது. சென்னைக்கு வந்துவிட்டேன். இந்த மனிதர் அத்தோடு திருந்தியிருப்பார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. எனக்குப் பிறகு டோக்கன் அடிக்க வந்த பையனை வாசித்துச் சொல்ல வைத்து, வேறொரு கடைசி இடத்து அணியில் மேனேஜராகச் சேர்ந்துவிட்டாராம். "காதர் வந்துட்டான் தம்பி" என்றார்.

அன்று தொடங்கியது, உலக விளையாட்டு வரலாற்றிலேயே கேவலமான மறுகட்டுமானம். எல்லோரும் எதிர்காலத்துக்காக அணி கட்டுவார்கள். இவர் வயதாகி, வேகம் போய், எந்த அணியும் சீந்தாத அந்தப் பழைய ஆட்களையே ஒவ்வொருவராகத் தேடிப் பிடித்தார். ஒரு ஞாயிறு அருளப்பன். இன்னொரு ஞாயிறு இரண்டு பேர் சேர்ந்தாற்போல. ஓய்வுபெற்றவர்களையும் விடவில்லை, பயிற்சியாளர்களாக எடுத்துக்கொண்டார். வேகம் முப்பத்தொன்று வைத்திருந்த முனியசாமி இப்போது அந்த அணிக்கு வேகப் பயிற்சியாளர். நடுவில் இன்னொரு முறை பதவி போனது. அசரவில்லை. மூன்றாவதாக ஒரு கடைசி இடத்து அணியைப் பிடித்து, மறுபடியும் காதரிலிருந்து ஆரம்பித்தார்.

சிக்காதவன் நான் ஒருவன்தான். சாம்பியன் அணியில் கோப்பை மேல் கோப்பையாக வாங்கிக்கொண்டிருந்தேன். விடுங்கள் அண்ணே, அது நானே இல்லை என்று நூறு தடவை சொல்லியிருப்பேன். "வயசாகட்டும், பாத்துக்கலாம்" என்பார்.

இரண்டு வருடம் ஓடிவிட்டது. விளையாட்டில் பதினாலு சீசன். போன வாரம் சென்னையில் எங்கள் ஆபீஸில் சிலரை ஒவ்வொருவராக ஓர் அறைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எண்களைப் பார்த்து எடுத்த முடிவு என்று சொன்னார்களாம். இன்னும் கூப்பிடுவார்கள் என்கிறார்கள். இதை நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"தம்பி, கேம்ல ஒன்னைய அந்த டீமுக்காரய்ங்க கழட்டி விட்டுட்டாய்ங்க. எவனும் எடுக்கல. நான் எடுத்துட்டேன்."

வயது என்ன என்றேன். முப்பத்தாறு. வேகம்? அதை ஏன் கேட்கிறாய் என்றார். எந்த வரிசையில் போட்டிருக்கிறீர்கள் என்றேன். "மொத வரிசை. மூணு வருசத்துக்கு எழுதிட்டேன்."

முப்பத்தாறு வயதுக்காரனுக்கு மூன்று வருட ஒப்பந்தம். இதைவிட மடத்தனமான முடிவை எந்த மேனேஜரும் எடுத்ததில்லை என்று போனிலேயே சொன்னேன். சும்மா இல்லை, எண்களோடு, கால் மணி நேரம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னால் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில், "சரி, சாப்ட்டியா?" என்றார்.

அவருடைய அணி இன்றைக்கும் கடைசி இடத்தில்தான் இருக்கிறது. இங்கே நாளைக்கு யாரைக் கூப்பிடுவார்களோ தெரியாது. அங்கே எனக்கு மூன்று வருடம் இடம் இருக்கிறது.