தினகரன் மீசையும் திரும்பி வந்த ஃபேஷனும்

இனிமேல் காவேரிக்குப் புடவை காட்டுவதில்லை என்று தினகரன் சபதம் எடுத்தார். மீசையில் கை வைத்து எடுத்த சபதம். அந்த மீசையில் கை வைத்து அவர் சொன்ன சொல் இதுவரை பொய்த்ததில்லை. வீட்டில் அவர் பெரிதாக எதுவும் சொன்னதில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம்.

கடையில் அப்படி இல்லை. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் அவர் மூத்த சேல்ஸ்மேன். வெள்ளை மெத்தைமேல் முட்டி போட்டு உட்கார்ந்து புடவையை விசிறிப் போடுவார். வாங்க வந்த அம்மா முகத்தைச் சுளித்தால், சட்டென்று எழுந்து முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுவார். கிளிப்பச்சைப் புடவை, அரக்கு பார்டர், அதற்கு மேலே கிடா மீசை. பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சிரித்த வாயோடு பில்லுக்கும் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

அது லேசுப்பட்ட மீசை இல்லை. இருபத்தைந்து வருஷம் விளக்கெண்ணெய் தடவி வளர்த்தது. கருட சேவைக் கூட்டத்தில் மஃப்டி போலீஸ் என்று நினைத்து ஜனங்கள் அவருக்கு வழி விட்டிருக்கிறார்கள். காவேரிக்கு மட்டும் அது ஆகாது. கல்யாணமான மறு மாசத்திலிருந்தே, "அதை எடுத்துடுங்க, ரசத்துல முங்குது" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். "உசிரு போனாலும் மீசை போவாது" என்று இவரும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இரண்டு பேருக்கும் கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது.

சபதத்துக்குக் காரணம் போன தீபாவளி. காவேரி தறிக்காரர் வீட்டுப் பெண். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே ஜரிகை அசலா போலியா, பட்டு சுத்தமா கலப்பா என்று சொல்லிவிடுவாள். கடையிலிருந்து ஒன்பது புடவையை பைக்கில் கட்டிக்கொண்டு வந்து, ஒன்பதையும் தன் தோளில் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் இந்தப் பக்கம் திரும்பி, அந்தப் பக்கம் திரும்பி, மனுஷன் கால் கடுக்க நின்றார். ஒன்பதும் கடைக்கே திரும்பிப் போயின.

"அண்ணே, வூட்டுல இன்னிக்கும் போணி ஆவலையா?" என்று கேட்டான் கூட வேலை செய்யும் குரு. கடையே சிரித்தது. ஊருக்கெல்லாம் புடவை விற்கிறவனுக்கு இதைவிட அவமானம் உண்டா!

"நானே கடைக்கு வந்து பாத்து எடுத்துக்கறேனே" என்று காவேரி கேட்டுப் பார்த்தாள்.

"சேல்ஸ்மேன் பொண்டாட்டி கடைக்கு வந்து உக்காந்தா மரியாதையா இருக்குமா?" என்றார் தினகரன். உண்மையில் குருவுக்கு எதிரிலேயே அவள் புடவையைத் தள்ளிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இந்த நேரம் பார்த்து காவேரியின் தங்கை பெரியநாயகி பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாசம் முகூர்த்தம். மறுபடியும் புடவை, மறுபடியும் ஜன்னல்.

அப்போதுதான் ஆண்டவன் வழி காட்டினான். ஐ.டி. கம்பெனிப் பெண்கள் ரூபத்தில் வந்தான். சனி, ஞாயிறானால் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கி, போனில் ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை நீட்டுவார்கள். "அங்கிள், இந்த மாதிரி ரெட்ரோ இருக்கா?" புடவை முழுக்கக் கட்டம், சாண் அகலத்துக்கு பார்டர், பஃப் கை ரவிக்கை, ரெட்டைச் சடை. கூட வருகிற பையன்களும் நெஞ்சு வரைக்கும் ஏற்றின பேண்ட்டில் சட்டையைச் செருகிக்கொண்டு, அறுபது வருஷத்துக்கு முந்தின குமாஸ்தாக்கள் போல நிற்பார்கள். முதலாளி மாடியில் தனி இடமே ஒதுக்கி 'அந்தக் காலம்' என்று போர்டு மாட்டிவிட்டார். தினகரன் அதற்கென்று ஒரு வசனம் தயார் செய்தார்.

"தமிழ் வருஷம் அறுபது இருக்குதும்மா. பிரபவ, விபவன்னு சுத்தி வந்து மறுபடி பிரபவல நிக்கும். ஃபேஷனும் அதே கணக்குதான். போனதெல்லாம் அறுபது வருஷத்துல திரும்பி வரும்." சொல்லிவிட்டு மீசையை ஒரு முறுக்கு முறுக்குவார். வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

அந்த வசனத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"காவேரி, எங்கம்மா முகூர்த்தப் புடவை பெட்டியில இருக்குது இல்ல?"

"இருக்குது. நான்தானே மூணு மாசத்துக்கு ஒருக்கா மடிப்பு மாத்தி வெச்சிக்கினு வரேன். இன்னாத்துக்கு கேக்கறீங்க?"

"பெரியநாயகி பொண்ணு கல்யாணத்துக்கு அதைக் கட்டிக்கோ."

"அப்ப புதுசு?"

"புதுசா! புதுசை இப்ப யாரும்மா கட்றாங்க? சென்னையில இருக்கற பொண்ணுங்க பழைய கட்டம் போட்ட புடவை எங்கன்னு தெருத் தெருவா தேடிக்கினு வருதுங்க. உனுக்கு வீட்டுலயே இருக்குது. குடுத்து வெச்சவ நீ."

பிறகு பிரபவ, விபவ எல்லாம் சொன்னார். அறுபது வருஷக் கணக்கையும் சொன்னார். காவேரி அவரைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். அவள் நாலு குறை சொல்வாள் என்று எதிர்பார்த்து, நாலுக்கும் பதில் வைத்திருந்தார் தினகரன். அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

"சரிங்க" என்றாள்.

வேறு புருஷனாக இருந்தால் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். தினகரன் மீசையை முறுக்கிவிட்டு மோர் கேட்டார்.

மறுநாள் காலையில் அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது, காவேரி சுவரிலிருந்து மாமனார் மாமியார் கல்யாண போட்டோவைக் கழற்றித் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் எடுத்த படம். தினகரனின் அப்பா வீரபாகுவும் அம்மா கிருஷ்ணம்மாளும் கேமராவைப் பார்த்து மிரண்டுபோய் நிற்பார்கள்.

"ரவிக்கைக்கு மாடல் பாக்கறேன். அத்தை கையப் பாருங்க, பூரி மாதிரி உப்பிக்கினு."

"அதே மாதிரி தெச்சிக்கோ."

"ரெட்டைச் சடை?"

"தாராளமா போட்டுக்கோ." அவர் கையைவிட்டுப் போவது ஒன்றுமில்லையே!

"மாமா எவ்ளோ லட்சணமா இருக்கறாரு!"

"எங்கப்பாவாச்சே."

"அவருக்கு மீசை எங்கங்க?"

தினகரன் குனிந்து பார்த்தார். அப்பாவின் மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில், பென்சிலால் கோடு இழுத்த மாதிரி ஒன்று இருந்தது.

"அதான் மீசை. அப்பல்லாம் கோடு மீசைதான்."

"அதைத்தாங்க நானும் சொல்றேன்."

தினகரன் டம்ளரைக் கீழே வைத்தார். "இன்னா சொல்றே?"

"நான் அந்தக் காலத்துல நிப்பேன். பக்கத்துல நீங்க எந்தக் காலத்துல நிப்பீங்க?"

"காவேரி, மீசை வெவகாரத்துக்கு மட்டும் வராதே."

"நானா வந்தேன்? நீங்கதான் போனதெல்லாம் திரும்பி வரும்னீங்க. பொம்பளைக்கு ஒரு பஞ்சாங்கம், ஆம்பளைக்கு ஒரு பஞ்சாங்கமா?"

"உசிரு போனாலும்…"

"சரி, வுடுங்க. உசிரெல்லாம் வேணாம். புதுப் புடவையே கொண்டாந்துடுங்க. ஒரு பத்து. ஜன்னலாண்ட நின்னு ஒண்ணொண்ணா போட்டுக் காட்டுங்க, பாக்கறேன்."

தினகரன் கண் முன்னால் குரு வந்து நின்று பல்லைக் காட்டினான். மூன்று நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மீசை போனால் வளரும், மானம் போனால் வருமா என்று யோசித்தார். ஆனால் மீசைதானே மானம் என்று இன்னொரு யோசனையும் வந்தது. கடைசியில் குருவின் பல்தான் ஜெயித்தது.

புதன்கிழமை அவருக்கு லீவு. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். "போய்ட்டு வாங்க. அவசரமே வேணாம். நிதானமா பண்ணிக்கினு வாங்க" என்று வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாள் காவேரி.

சலூனில் சத்யராஜ் விஷயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். முகம் வாடிப்போயிற்று.

"யாருண்ணே தவறிட்டாங்க?"

"யாரும் தவறல. ஃபேஷன்பா."

"வூட்ல சண்டை கிண்டையா?"

"எடுப்பா, சீக்கிரம்."

இடது பக்கம் முதலில் போயிற்று. தினகரன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வலது பக்கம் போகும்போது மூடின கண்ணோரம் தண்ணீர் வழிந்தது. அழுகைதான், வேறென்ன! திறந்து பார்த்தபோது வெள்ளைத் துணிமேல் இருபத்தைந்து வருஷத்து விளக்கெண்ணெய் கறுப்பாகக் கிடந்தது. சத்யராஜ் அதை உதறக் கை வராமல் நின்றான்.

வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அங்கம்மாள் எட்டிப் பார்த்தாள். "யாரு வோணும்பா? தினகரனும் இல்ல, காவேரியும் பையத் தூக்கிக்கினு எங்கியோ போயிருக்குது."

"நான்தான் அங்கம்மா, தினகரன்."

அங்கம்மாள் உற்றுப் பார்த்தாள். அப்புறம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். "ஐயோ! எப்ப எடுக்கறாங்க? எனுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பக் கூடாதா?"

வெள்ளிக்கிழமை காலை. தினகரன் முழுக்கைச் சட்டை, ஜரிகை வேட்டியோடு கண்ணாடி முன்னால் நின்றார். முன்மயிரை எண்ணெய் வைத்துத் தூக்கிச் சீவியிருந்தார். உதட்டுக்கு மேலே கோடு. கண்ணாடியில் அப்படியே அப்பா நின்றார். அதே மிரண்ட முகம்.

உள்ளேயிருந்து சரசரவென்று சத்தம் வந்தது. புதுப் பட்டின் சத்தம். முப்பது வருஷமாக அந்தச் சத்தத்தில் பிழைக்கிறவருக்கு அது தெரியாதா?

காவேரி வெளியே வந்தாள். மாம்பழ மஞ்சள் பட்டு, அரக்கு பார்டர். அவருடைய கடையில் மேல் தட்டில் இருப்பது. மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் இறக்குவார்கள்.

"அம்மா புடவை எங்க?"

"உங்க கடையில இருக்குது."

"என் கடையிலயா!"

"புதன்கிழமை ஜாக்கெட் துணி மேட்ச் பாக்க எடுத்துக்கினு போனேன். முதலாளி பாத்துட்டு கண்ணுல ஒத்திக்கினாருங்க. 'இந்தக் கட்டம் எங்கயும் கெடைக்கல. இதைப் பாத்து தறியில இருபது புடவை போட்டுக்கறேன், ஒரு மாசத்துக்குக் குடும்மா'ன்னாரு. அப்ப கல்யாணத்துக்கு நான் எதைக் கட்றதுன்னேன். 'கடையில எது வேணுமோ எடுத்துக்கோ'ன்னுட்டாரு."

"எத்தினி பாத்தே?"

"முப்பத்தி நாலு. முதலாளியே தோள்ல போட்டுப் போட்டுக் காமிச்சாரு. பாவம், வேத்துப் போச்சு. குருதான் ஜன்னலைத் தொறந்து வுட்டான்."

"குரு இருந்தானா?"

"அண்ணன் எங்க அண்ணின்னு கேட்டான். மீசை எடுக்கப் போயிருக்காருன்னேன்."

தினகரன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கை தானாக முறுக்கப் போய், ஒன்றும் அகப்படாமல் கீழே இறங்கியது. "நீ பழைய புடவை கட்டலன்னா என் மீசை எதுக்குடி போச்சு?"

"அது வீணா போவலங்க. மாமா அத்தை போட்டோவையும் காமிச்சேன். முதலாளி அதைப் பெருசு பண்ணி 'அந்தக் காலம்' போர்டுக்குக் கீழ மாட்டப் போறாராம். அதுக்குப் பக்கத்துல நீங்க நிக்கணுமாம். அச்சு அசலா மாமா மாதிரியே இருப்பாருன்னு நான்தான் சொன்னேன். கோடு மீசையை அப்படியே வெச்சிக்கச் சொன்னாரு."

"எத்தினி நாளைக்கு? என் மீசை எப்பத்தான் திரும்பி வரும்?"

காவேரி செருப்பை மாட்டிக்கொண்டு, பூட்டையும் சாவியையும் அவர் கையில் கொடுத்தாள்.

"போனதெல்லாம் அறுபது வருஷத்துல திரும்பி வரும்னு நீங்கதானே சொன்னீங்க? பொறுங்க, வரும்."