முள் பொய் சொல்கிறது

கார் வைத்திருப்பவர்களில் ஒரு தனி இனம் உண்டு. இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றால் 'தங்கமான வண்டி' என்பார்கள். அதே முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏறினால் 'சென்சார் போச்சு' என்பார்கள். அவர்கள் வண்டிக்குக் காய்ச்சல் வரவே வராது, தெர்மாமீட்டருக்குத்தான் வரும். பார்த்திருப்பீர்களே?

எங்கள் மாதபா நகரத்தில் தெருவுக்கு ஒருவர் உண்டு. எங்கள் தெருவுக்கு அபூ லைஸ். அந்தக் கோடை முழுக்க அவர் வண்டியின் முள் ஏறிக்கொண்டே இருந்தது. அவர் சென்சாரை மாற்றினார், அது சரிவராமல் மீட்டரை மாற்றினார், புது மீட்டரும் பழைய கதையையே சொன்னதால் வயரை மாற்றினார், கடைசியில், இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை அடைத்து வைக்கும் தெர்மோஸ்டாட் என்பதெல்லாம் பனியில் நடுங்குகிற ஐரோப்பாக்காரனுக்கு, வெயில் நாட்டில் அதற்கென்ன வேலை என்று அதையும் பிடுங்கிப் போட்டார். சமதரையில் முள் கொஞ்சம் இறங்கியது. தெரு முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் ஒழுகுகிறதா என்று மட்டும் குனிந்து பார்க்கவில்லை. குனிவானேன்?

மெக்கானிக் ஹாகோப் தன் சூடு பார்க்கும் கருவியை இன்ஜினுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"அபூ லைஸ், என் கருவியும் உங்க முள்ளும் ஒண்ணையேதான் சொல்லுது. வாட்டர் பம்ப் கசியுது. அதை மாத்துங்க."

"அப்ப உன் கருவியும் கெட்டுப்போச்சு. மொதல்ல அதைப் பாரு."

இதற்கிடையில் அபூ லைஸின் மகன் லைஸுக்குக் கரக் ஊரில் பெண் கேட்கப் போகும் நாள் வந்தது. நாலு வருஷமாகப் பையன் காத்திருந்த நாள். பெண்ணின் தகப்பனார் கண்டிப்பானவர். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் வராவிட்டால் வரவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எங்கள் சார்பில் பேச வேண்டிய பெரியவர் ஹாஜி முஃப்லிஹ். அவர் வாய் திறந்து கேட்காமல் வேறு யாரும் கேட்க முடியாது. அவர் ஏறியது அபூ லைஸின் வண்டியில். அடுத்த வீட்டுக்காரன் நானும் லைஸும் பின்னால். மற்ற வண்டிகள் முன்னே போய்விட்டன.

முஜிப் பள்ளத்தாக்கின் ஏற்றம் தொடங்கியது. முள்ளும் ஏறியது.

"என்னப்பா, செவப்புல நிக்குது?" என்றார் ஹாஜி.

"அது பொய் ஹாஜி. எனக்கு அதோட புத்தி தெரியும்."

"அப்பா, கொஞ்சம் நிறுத்துங்க. இன்னிக்கு ஒரு நாளாவது!" என்றான் லைஸ்.

"மாப்பிள்ளை வாயை மூடிக்கிட்டு வரணும்."

அடுத்த திருப்பத்தில் முள் சடாரென்று கீழே விழுந்தது. அபூ லைஸ் ஸ்டீயரிங்கைத் தட்டினார். "பாத்தீங்களா! இப்பத்தான் உண்மை பேசுது!"

உண்மையில் தண்ணீர் மொத்தமும் கொதித்துத் தீர்ந்திருந்தது. தொட்டுப் பார்க்கத் தண்ணீரே இல்லாத சென்சார் வேறென்ன சொல்லும்? கோடை முழுக்க உண்மை சொன்ன முள் அன்றுதான் முதல் பொய் சொன்னது. அதைத்தான் நம்பினார். இரண்டு திருப்பம் தாண்டி இன்ஜின் ஒரு முறை அலறிவிட்டு நின்றது.

தக்காளி ஏற்றிய பிக்கப் ஒன்று எங்களைக் கரக்கில் இறக்கியபோது அஸர் முடிந்து ஒன்றரை மணி நேரம். ஹாஜிக்கு முன்னால் காபி வைத்தார்கள். கேட்டது கிடைக்கும்வரை குடிக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அவர் தொடவில்லை. வந்த காரியத்தைச் சொல்லிப் பெண்ணைக் கேட்டார். பெண்ணின் தகப்பனார் அவரை விட்டுவிட்டு அபூ லைஸைப் பார்த்தார்.

"ஏன் இவ்வளவு லேட்டு?"

லைஸின் முகத்தில் ரத்தமே இல்லை.

"சென்சார் ஏமாத்திடுச்சு" என்றார் அபூ லைஸ்.

அந்தக் கண்டிப்பான மனிதர் தொடையில் ஓங்கித் தட்டினார். "வல்லாஹி, சத்தியமா சொல்றேன், என் வண்டியிலயும் அதே திருட்டு சென்சார்தான்! மூணு தடவை மாத்திட்டேன்! ஹாஜி, காபியக் குடிங்க. பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு."

லைஸ் என் காதோரம் குனிந்தான். "மாமா, கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேர் வண்டியிலயும் நான் ஏற மாட்டேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கார்கூட இல்லை. நல்லது. போன வாரம் டாக்டரிடம் ரத்த அழுத்தம் நூற்றெழுபது காட்டியபோது, 'மெஷின் பழசு போலிருக்கு, இன்னொரு தடவை பாருங்க' என்றது யார்? நாலாவது தடவை நூற்று நாற்பது காட்டியதும், 'ஆங், இதுதான் சரி' என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்துவிட்டீர்களே.