முப்பத்தோராம் பக்கத்தில் முதலிடம்

வரிசை என்றால் என்னவென்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஜப்பானியர்களாகிய நாங்கள்தான் என்று நான் சொல்லவில்லை. உலகம் சொல்கிறது. மறுத்துப் பேசுவது மரியாதையில்லை என்பதால் சும்மா இருக்கிறேன்.

மினோசாகி நகராட்சியில் குழந்தைகள் காப்பகப் பிரிவுக்குத் துணைத்தலைவன் நான், பெயர் ஒகிட்சு. எங்கள் பிரிவில் ஆறு பேர் கூட்ட அறைக்குள் நுழைந்தால் மூன்றே விநாடியில் அவரவர் இடத்தில் உட்கார்ந்துவிடுவோம். கதவிலிருந்து ஆகத் தள்ளியிருக்கும் நாற்காலியில் தலைவர் தொகாஷி, பக்கத்தில் நான், அப்படியே பதவி இறங்கிக்கொண்டே போய், கதவோரத்தில் கம்ப்யூட்டர் பார்க்கும் ஒப்பந்த ஊழியர் நுமாதா அம்மாள். யாரும் யாரையும் கேட்பதில்லை, இடிப்பதில்லை. லிஃப்டிலும் இதே கதைதான்.

இப்படிப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு மானக்கேடு வந்தது. இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் காப்பகத்தில் இருந்த இடம் இருபது. இணையத்தில் விண்ணப்பித்தவர்கள் அறுநூற்று நாற்பது. தனியாகப் பிள்ளை வளர்ப்பவரா, முழுநேர வேலையா, பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் உண்டா என்று பார்த்து ஆளுக்கு இவ்வளவு மதிப்பெண். "மதிப்பெண் வரிசை" என்ற பொத்தானை அமுக்கினால் திரையில் ஒரு வளையம் நாற்பத்தோரு விநாடி சுற்றும். தொகாஷி நின்றபடியே பார்ப்பார். அவர் நிற்கும்போது நாங்கள் உட்கார முடியுமா? பிரிவே எழுந்து நிற்கும்.

அவசரக் கூட்டம் போட்டோம்.

"ஒவ்வொரு தடவையும் எல்லார் மதிப்பெண்ணையும் புதுசா கூட்டிக்கிட்டிருக்கு, தலைவரே. அதான் லேட்டு," என்றார் நுமாதா. "ஒருதரம் கூட்டி எழுதி வெச்சுட்டு, புத்தகத்துக்குப் பின்னாடி அட்டவணை இருக்குமே, அது மாதிரி ஒண்ணு போட்டுட்டா போதும். அரை நாள் வேலை."

"சேமிச்சு வெச்ச தகவல்ல கைவைக்கணுமா?"

"ஆமாங்க."

"அப்ப ஏழு அதிகாரிங்களோட ஒப்புதல் முத்திரை வேணும்." தொகாஷி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரு பக்கத்துல எத்தனை பேர் தெரியுறாங்க?"

"இருபது பேர்."

"அப்ப இருபது பேரை மட்டும் எடுத்து அடுக்குங்க. மத்தவங்கள எதுக்கு இழுக்கறீங்க?"

"எந்த இருபது பேரை?"

"என்னம்மா கேள்வி இது? முதல் இருபது பேரை."

"முதல் இருபது யாருன்னு தெரியணும்னா மொதல்ல அடுக்கணுமே, தலைவரே!"

"விண்ணப்பம் வந்த வரிசைல முதல் இருபது. அடுத்த பக்கத்துல அடுத்த இருபது. ஒவ்வொரு பக்கத்துக்குள்ளயும் மதிப்பெண் வரிசை இருக்கும்ல? பின்ன என்ன?"

அறை அமைதியானது. எங்கள் கூட்டங்களில் அமைதி என்றால் ஏகமனதான தீர்மானம். நுமாதா வாயைத் திறந்தார்தான். ஆனால் கதவோர நாற்காலியிலிருந்து குரல் இந்தப் பக்கம் வந்து சேர நேரமாகும். அதற்குள் நாங்கள் எழுந்துவிட்டோம்.

நாற்பத்தோரு விநாடி, பாயிண்ட் மூன்று விநாடி ஆயிற்று! பக்கத்து ஊர் நகராட்சிகளிலிருந்து இனிப்புப் பெட்டியும் கையுமாகப் பார்க்க வந்தார்கள். தொகாஷி பொத்தானை அமுக்குவார்; அவர்கள் "அடேயப்பா!" என்பார்கள். பெயர்களை யாரும் படிக்கவில்லை. அவ்வளவு வேகம்.

காப்பகத்தில் இடம் முதல் பக்கத்து இருபது பேருக்குத்தான். அந்த இருபது பேரும் விண்ணப்பம் தொடங்கிய முதல் பத்து நிமிடத்துக்குள் அனுப்பியவர்கள். சுறுசுறுப்பானவர்கள். அவர்களில் என் மகள் சினாட்சுவும் ஒருத்தி. எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று எனக்கு முந்தின நாளே தெரியும். சாப்பிடும்போது வீட்டில் ஆபீஸ் பேச்சு வராதா என்ன?

ஒருநாள் நாலாம் நம்பர் பஸ் ஓட்டும் இகராஷி என்ற பெண் இடுப்பில் பிள்ளையோடு எங்கள் கவுண்டருக்கு வந்தார்.

"என் மதிப்பெண் எவ்வளவுங்க?"

"ஐம்பத்தெட்டு. இந்த ஊர்லயே அதுதான் அதிகம். வாழ்த்துகள்!"

"அப்ப எனக்கு இடம் உண்டுதானே?"

"நீங்க முதலிடம், இகராஷி சான். முப்பத்தோராம் பக்கத்துல முதலிடம்."

"முதல் பக்கத்துல கடைசி ஆளுக்கு எவ்வளவு?"

"பதினாலு. ஆனா பாருங்க, அவர் அந்தப் பக்கத்துல இருபதாவதுதான். உங்கள மாதிரி வருமா?"

அவர் சிரிக்கவில்லை. "ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. ஓட்டி முடிச்சு வந்தா இவன் தொட விடமாட்டான். அதான் லேட்டா அனுப்பினேன். இப்ப எங்க அக்கா பாத்துக்கறா, மார்ச்சோட அவ ஊருக்குப் போறா. இடம் கிடைக்கலேன்னா நான் வேலைய விட்டுத்தான் ஆகணும்." பிள்ளையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "ஏங்க, என் பஸ்ல வயசானவங்களுக்கு, கர்ப்பிணிகளுக்குன்னு தனி சீட்டு இருக்கு. மொதல்ல ஏறினவன் உக்காந்துக்கலாம்னா அந்த போர்டு எதுக்கு?"

நான் எழுந்து நாற்பத்தைந்து டிகிரி குனிந்து வணங்கினேன். ஒரு கவுண்டரில் அதற்கு மேல் குனிய விதியில் இடமில்லை.

அவர் போனதும் நுமாதா ஒரு தாளோடு வந்தார். "தகவலோட நகல் ஒண்ணுல, நான் அன்னிக்குச் சொன்ன முறைப்படி செஞ்சு பாத்துட்டேன். பாயிண்ட் ரெண்டு விநாடி. இப்ப இருக்கறதவிட வேகம்! உங்க முத்திரை விழுந்தா மத்த ஆறும் தானா விழுந்துடும்."

பட்டியலைப் பார்த்தேன். முதலில் இகராஷி. விரலை ஓட்டிக்கொண்டே போனேன். என் பேரன் கன்டா நானூற்றெட்டாவது. முத்திரையைக் கையில் எடுத்திருந்தேன். சிவப்பு மையிலும் தொட்டுவிட்டேன்.

"நுமாதா சான், பாயிண்ட் மூணுக்கும் பாயிண்ட் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"பாயிண்ட் ஒண்ணு. ஆனா விஷயம் அது இல்லீங்க..."

"விநாடில பத்துல ஒரு பங்குக்காக, பழகின முறைய மாத்தி மக்களைக் குழப்பறதா? எனக்கு மனசு வரல."

முத்திரையைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தேன்.

"நானூத்தியெட்டாவது பேரு உங்க பேரன்தானே?" என்றார் நுமாதா.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போங்க."

ஏப்ரலில் கன்டாவுக்கு இடம் கிடைத்தது. தினமும் காலையில் காப்பகத்துக்கு அழைத்துப்போவது என் பொறுப்பு. நாலாம் நம்பர் பஸ்தான் போகும். நாங்கள் சீக்கிரமே போய் முதல் ஆளாக நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் நாற்பது பேர், கோடு போட்ட மாதிரி, ஒரு தள்ளுமுள்ளு கிடையாது. எவ்வளவு அழகான வரிசை! பஸ்தான் வருவதில்லை. "ஓட்டுநர் இல்லாததால் சேவை குறைக்கப்பட்டுள்ளது" என்று கம்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.

முன்பு இந்த பஸ்ஸில் பலமுறை போயிருக்கும் கன்டா இன்று என் கையைப் பிடித்து இழுத்தான். "தாத்தா, பஸ் ஓட்டற அத்தை எங்க?"

"வரிசைல இருக்காங்கடா கண்ணா."

"நமக்கு முன்னாடியா, பின்னாடியா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "பின்னாடிடா," என்றேன்.

அவன் என் கையை விட்டுவிட்டு ஒவ்வொரு முகமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனான், கடைசி ஆள்வரைக்கும். நாற்பத்தோரு விநாடியாவது ஆகியிருக்கும். எங்கள் பிரிவில் ஒருத்தரும் செய்யாத வேலை.