விலாசத்தை அங்கன போய்க் கேட்டுக்கோ

தென்காசி

அன்புள்ள தம்பி ஆறுமுகநயினாருக்கு, அக்காள் மூக்கம்மாள் எழுதுவது. இங்கே நானும் பேத்தி அபர்ணாவும் பசுவும் சுகம். அங்கே நீயும் உன் சம்சாரமும், சிவகிரியில் புது வீட்டுக்குப் போனபிறகு உன் முழங்காலும் எப்படி என்று எழுதவும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் குளித்தால் அந்த வலி போகும் என்று போன சீசனிலேயே சொன்னேன். நீ வந்தாய், அருவிக்கு எதிரே உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றாய், போய்விட்டாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டுதான் பேசுகிறாய். போலீசில் ஏட்டாக இருந்தவன் வீட்டு ரகசியம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கிறது. அதனால்தான் அஞ்சாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கிய கையால் இதை எழுதுகிறேன்.

ராயகிரி ஆவுடைநாயகத்தின் மகன் ஜாதகம் அபர்ணாவுக்குப் பொருந்தி வந்தது. பையன் படத்தைப் பார்த்து அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் போனில் அதை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்ததை நான் கதவிடுக்கில் பார்த்தேன். ஆகவே இது அமைய வேண்டும். ஆனாலும் குடும்பம் எப்படி என்று விசாரிக்காமல் பெண்ணைக் கொடுக்க முடியுமா? நாம் விசாரிப்பது அவர்களுக்குத் தெரியவும் கூடாது. பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிற சொரிமுத்து ராயகிரிப் பக்கம் காய் ஏற்றப் போவான். அவனைப் பிடித்தேன். பாவம், தெருத்தெருவாக அலைவானே என்று விலாசத்தை நானே வாங்கிக் கொடுத்தேன். எங்கே வாங்கினேன் என்றால் நம் கிதிர் முகம்மது மளிகைக் கடையில். அவருக்குத்தான் ராயகிரியில் கொள்முதல் உண்டு. “எதுக்கு ஆச்சி கேக்குதீய?” என்றார். சும்மாத்தான் என்றேன். அங்கே கடலைப்பருப்பு வாங்க நின்றவர்களில் ஒருத்தர்கூட அதை நம்பவில்லை போல; நான் வீடு வந்து சேருமுன் எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்று, “மாப்பிள்ள ராயகிரியாமே” என்கிறாள்.

சொரிமுத்து விலாசத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே போய் அந்தக் கதவையே தட்டியிருக்கிறான். திறந்தது ஆவுடைநாயகம்.

“அண்ணாச்சி, இந்த வீட்டுப் பையன் தண்ணி கிண்ணி போடுவானா?”

“நீங்க யாரு?”

“டெம்போ. பொண்ணு வீட்ல விசாரிச்சிட்டு வரச் சொன்னாவ.”

“அப்படியா, உள்ள வாங்க. பையன் போட மாட்டான். நான் காப்பி மட்டும் குடிப்பேன். உங்களுக்கும் ஒண்ணு போடச் சொல்லட்டா?”

குடித்துவிட்டு வந்து, நல்ல மனுசங்க ஆச்சி, முறுக்கும் குடுத்தாவ என்கிறான். ஏலே, டீக்கடையில கேக்கண்டாமா, பக்கத்து வீட்ல கேக்கண்டாமா என்று சத்தம் போட்டேன். “நீங்கதான கதவு நம்பர் வரைக்கும் குடுத்தீய? பொறவு நான் யார்ட்டப் போயி என்னத்தக் கேக்க?” என்கிறான். அதன்பிறகு ராயகிரியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கோபித்துக்கொண்டார்களோ, கை கழுவிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

இங்கே அபர்ணா வேறு கம்ப்யூட்டர் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னட்டி என்றேன். “ஆபீஸ் சர்வருக்கு நான் நேராப் போக முடியாது ஆச்சி. நடுவுல பிராக்ஸின்னு ஒண்ணு இருக்கு, அது வழியாத்தான் போணும். ஆனா என் புரோகிராம் அந்த சர்வர் பேர இங்கயே தேடுது. நம்மூர் நெட் கம்பெனிக்கு அந்தப் பேரு எப்படித் தெரியும்? அப்படி ஒரு பேரே இல்லங்குது” என்றாள். அப்போது அவளுடைய மேலதிகாரி எப்சிபா கம்ப்யூட்டருக்குள்ளிருந்து பேசினாள். “அபர்ணா, உள்ள இருக்க பேர வெளியில ஏன் விசாரிக்க? நாம எங்க போறோம்னு வழியில இருக்கவனுக்கெல்லாம் தெரிஞ்சு போகும்லா. பேர மட்டும் பிராக்ஸி கைல குடு. எங்க இருக்குன்னு அது அங்கன தேடிக்கிடட்டும்.”

எனக்குச் சுருக்கென்றது. நம் வீட்டு விஷயத்தை ஆபீஸ் வரைக்கும் சொன்னாயா என்று அபர்ணாவை முறைத்தேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். “நீங்களும் என் புரோகிராமும் ஒண்ணுதான் ஆச்சி. போறவன் அலைவானேன்னு பாவம் பாத்து ரெண்டு பேரும் விலாசத்த இங்கனயே தேடப் போயிட்டீய.” பிறகு பிராக்ஸி என்று எழுதியிருந்த இடத்தில் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்தாள்; பேரை நீயே அங்கே தேடிக்கொள் என்று அதற்கு அர்த்தமாம். உடனே சர்வர் கிடைத்துவிட்டது. காலையிலிருந்து சாப்பிடாமல் கிடந்தது ஒரு எழுத்துக்காக. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

ஆகையால் தம்பி, இந்த முறை நீதான் போக வேண்டும். உனக்கு விலாசம் தரமாட்டேன். ஆவுடைநாயகம் என்ற பேர் மட்டும்தான். ராயகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி நாலு பேரிடம் அந்த வீடு எங்கே என்று கேள். எங்கே என்று சொல்லும்போதே எப்படி என்றும் சொல்லிவிடுவார்கள். கோபமா இல்லையா என்பதையும் அறிந்து வா. போலீஸ் மிடுக்கு வேண்டாம். யாருக்கும் மூச்சு விடாதே.

உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு. காசிவிசுவநாதர் உனக்கு நல்ல முழங்காலும் கொஞ்சம் மெதுவான தொண்டையும் தரட்டும்.

இப்படிக்கு
அக்காள் மூக்கம்மாள்

பின்குறிப்பு: உன் புது வீட்டு விலாசம் என்னிடம் இல்லை. கவரை எடுத்துக்கொண்டு கிதிர் முகம்மது கடைக்குத்தான் வந்தேன், வேறு யாரிடம் கேட்பது? இங்கே ஒருவர் டீ குடித்து முடித்துவிட்டு நின்றார். கிதிர் முகம்மது என்னைக் கைகாட்டி, “இவியதான் நீங்க கேட்ட ஆச்சி” என்றார். ஆவுடைநாயகம். “டெம்போக்காரர் சுகமா ஆச்சி? எங்க வீட்ல இன்னும் சிரிச்சு முடிக்கல. வெள்ளிக்கிழம பொண்ணு பாக்க வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்” என்றார். விலாசம் இல்லாமலா வந்தீர்கள் என்றேன். “பேரு தெரியும்லா, மத்தத இங்கன வந்து கேட்டுக்கிடலாம்னு வந்தேன்” என்கிறார். எனவே நீ ராயகிரி போக வேண்டாம். சிவகிரி பக்கம்தானே என்று இந்தக் கடிதத்தையும் அவரே கொண்டுவருகிறார். கவர் சரியாக ஒட்டவில்லை. அவருக்குக் காப்பி கொடுத்து, கிதிர் முகம்மது என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று மெதுவாக விசாரித்து எழுது.