ஒரே நாளில் இரண்டு பல்வலி

ஊரையே கேலி பண்ணித் திரிகிறவனுக்கு வியாதி வந்தால், வெளியே சொல்ல முடியாததாகப் பார்த்துத்தான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில், தையில் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்த எனக்கு, ஐப்பசியில் விந்துவில் ரத்தம் வந்தது. (எட்டாம் கிளாஸில் நின்றவன் நான். உடம்பு ரத்தமெல்லாம் அந்த வழியாகவே தீர்ந்துபோகும் என்று முடிவுகட்டிவிட்டேன்.)

ஸ்ரீரங்கத்தில் இருமினாலே நாலு வீதிக்கும் தெரியும். பஸ் ஏறித் திருச்சி ஜங்ஷன் பக்கம் போனேன். அங்கே ஒரு லாட்ஜில் மாதாமாதம் ரூம் போட்டு வாலிப வியாதி பார்க்கிற வைத்தியர் ஒருவர் வருவார். வராந்தாவில் எல்லோரும் துண்டால் முகத்தை மூடியிருந்தார்கள். நானும் மூடிக்கொண்டேன்.

திரைக்குப் பின்னால் ஒரு குரல்.

"தாதுவுல ரத்தமா வருதுங்க. இந்த வயசுல இத யார்கிட்டங்க சொல்றது?"

என் வியாதியேதான். குரல் மட்டும் துறையூர் மாமாவுடையது. எனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர்!

ஓடுவதற்குள் திரை விலகியது. என் துண்டும் நழுவியது. மாமா மெதுவாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பல்லு வலி மாப்ளே."

"எனக்கும்தான் மாமா."

பஸ் ஸ்டாண்டு வரை இரண்டு பேரும் கன்னத்தை விடவில்லை.

அன்று வைத்தியர் கொடுத்த லேகியத்துக்கு வியாதி கேட்கவில்லை. புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சோதித்துப் பார்த்த டாக்டர் சிரித்தார்.

"உள்ள சுரப்பி புண்ணாயிருக்கு. மாத்திரை தரேன், சரியாயிடும். சில பேருக்கு அடிபட்டிருக்கும், கல்லு இருக்கும், டி.பி. கூட இருக்கும். உன் வயசுல அநேகமா பயமில்லப்பா."

"வயசானவங்கன்னா, டாக்டர்?"

சிரிப்பு நின்றது. "உடனே கூட்டிட்டு வா. கட்டியான்னு பாக்கணும்."

அன்றே துறையூர் போனேன். கடையில் மாமா, பக்கத்தில் அத்தை, அவர்கள் பெண் கமலா. இவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"மாமா, அந்தப் பல்ல விட்டுடாதீங்க. புத்தூர்ல பெரிய டாக்டர்ட்ட காட்டிடலாம், கெளம்புங்க."

"பல்வலிக்கு பெரிய டாக்டரா?" அத்தை சிரித்தாள். "நீங்க வந்தா சும்மா இருக்காதே உங்க வாயி, மாப்ளே!"

மாமா என்னைப் பார்த்தார். புரிந்தது என்று நினைக்கிறேன். "லவங்கம் வச்சிருக்கேன் மாப்ளே, தேவலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. அடுத்த ஆவணியில் இடுப்பு வலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கட்டி எலும்புவரை போயிருந்ததாம்.

இன்றைக்கும் வீட்டில் யாராவது போன இடத்தைச் சொல்ல முழித்தால், கமலா கன்னத்தைப் பிடித்துக் காட்டுவாள்.

"மாமனும் மாப்ளையும் ஒரே நாள்ல பல்வலின்னு ஜங்ஷன் போனாங்களே, அந்த மாதிரியா? போறப்பகூட எங்கப்பாவுக்கு ஒரு பல்லு ஆடலடி!"

பேத்திகள் உருண்டு சிரிப்பார்கள். நான் கன்னத்தில் கைவைத்தபடி உட்கார்ந்திருப்பேன்.