கன்னிமார் சுனையில் ஏழு கட்டிக் கற்பூரம்

ஊரில் ஒவ்வொருவருக்கும் பரம்பரைச் சொத்து என்று ஏதாவது இருக்கும். எனக்கு இருப்பது பொறாமை. இதுவரை யாரும் அதில் பங்கு கேட்டதில்லை. அந்தச் சொத்தை வைத்துக்கொண்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓர் ஆடிப் பதினெட்டன்று பாகலூர்ப் பக்கம் ஒரு சுனையில் நான் அடித்த கூத்தைச் சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.)

பாறைச் சரிவின் அடியில், கோடையிலும் வற்றாத சுனை அது. கரையில் மஞ்சள் பூசிய ஏழு கற்கள். அவைதான் கன்னிமார். ஆதியில் மாடு குளிப்பாட்டத்தான் அங்கே போவார்களாம். பிறகு யாரோ ஓர் அதிகாரி குளித்துப் பார்த்துச் சொக்கிப்போய்ப் படிக்கட்டுப் போட்டுக் கொடுத்தாராம். என் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் ஓசூரிலிருந்து ஜட்கா வண்டியில் புளியோதரையோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். கரையில் சோடாக் கடைகூட முளைத்துவிட்டது.

அந்தச் சுனைக்கு ராஜா முனிராஜு. பெங்களூரில் தொழிற்சாலை வேலை. வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, கிராப்புத் தலையும் கட்டம் போட்ட டிராயருமாக உச்சிப் பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பான். பத்து எண்ணும்வரை மேலே வரமாட்டான். கரையில் அப்பையா மாமாவின் மகள் சரோஜா அவன் வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். என் முறைப்பெண்! எனக்காக அவள் ஒரு தும்மலைக்கூட அடக்கியதில்லை.

ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் என்று மாமா முடிவு செய்திருந்தார். மாப்பிள்ளை நானா, முனிராஜுவா என்பதை மட்டும் சொல்லவில்லை. (அவன் தூரத்து முறை. நான் சொந்த அக்கா மகன்.) எனக்கோ நீச்சல் தெரியாது. சுனைக்குப் பக்கத்திலேயே பிறந்தும் முழங்கால் தண்ணீரைத் தாண்டியதில்லை. முடிந்ததைச் செய்தேன். குடுமியை எடுத்துவிட்டு, அவனைப் போலவே ஒட்டக் கிராப்பு வெட்டிக்கொண்டேன்.

சரோஜா பார்த்துவிட்டு, "என்னா மாமா, தலையில பேன் விழுந்துடுச்சா?" என்றாள்.

ஆடிப் பதினெட்டன்று கன்னிமாருக்குப் பொங்கல் வைக்க உறவு முழுக்கக் கூடியிருந்தது. முனிராஜு பாறைமேல் ஏறினான். சரோஜா மூச்சை இழுத்தாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்ன செய்கிறோம் என்று தெரிவதற்குள், "டேய்!" என்று கத்திக்கொண்டு சாமியாட ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க தண்ணியில எவன்டா குதிக்கறவன்? இனிமே ஒரு ஆம்பளையும் இதுல கால வெக்கக் கூடாது!"

முனிராஜு இறங்கி வந்து கைகூப்பி நின்றான். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்கு அப்படியொரு சந்தோஷம் வாய்த்ததில்லை. விரித்துப்போட்டு ஆடக் குடுமி இல்லையே என்பதுதான் ஒரே குறை.

அத்தோடு மயங்கி விழுந்திருந்தால் தப்பித்திருப்பேன். மாமா பயபக்தியோடு கேட்டார்: "தாயி, ஏழு பேருல நீ யாரு?"

கன்னிமாரில் ஒருத்தி பேர்கூட எனக்குத் தெரியாது. "ஏழு பேருந்தான்டா வந்திருக்கோம்!" என்றேன்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சரோஜாவும்தான். ருசி கண்ட பூனையாகிவிட்டேன். "உம் பொண்ண உங்கக்கா மவனுக்கே குடுடா!"

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எங்கள் பக்கம் சாமி வாக்குச் சொன்னால், உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றிச் சோதிப்பது வழக்கம். மெய்யான சாமி என்றால் சுடாது.

"பெரிய வாக்கா குடுத்துட்ட. கைய நீட்டு தாயி," என்று ஒரு கட்டியை வைத்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஏழு பேரு வந்திருக்கீங்க இல்ல?" என்று இன்னும் ஆறு கட்டி அடுக்கினார்.

ஏழும் சேர்ந்து பற்றிக்கொண்டன.

மூன்று எண்ணும்வரை தாங்கினேன் என்று எழுத ஆசைதான். "அய்யய்யோ, அம்மா!" என்று அலறிக்கொண்டு, ஆம்பளை கால் வைக்கக் கூடாது என்று நானே தடை போட்ட தண்ணீரில், அதுவும் முனிராஜு குதிக்கிற ஆழத்தில் பாய்ந்தேன். கற்பூரம் அணைந்தது. நான் மூழ்கினேன்.

முனிராஜு குதித்தான். மூழ்குகிறவனை முடியைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். பிடிக்க முடி வேண்டுமே? இடது காதைப் பிடித்து இழுத்து வந்து படியில் போட்டான். கண் திறந்தால், சரோஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்காக என்று ஒரு நொடி நம்பிவிட்டேன்.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலியே?" என்று முனிராஜுவைக் கேட்டாள்.

ஆவணியில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம். பத்திரிகையை நீட்டி மாமா சொன்னார்: "கன்னிமாரு எறங்குன ஒடம்பு மாப்ளே. அதுக்குப் போயி எப்படிப்பா பொண்ணு குடுக்கறது?" அவர் முகத்தில் சிரிப்பின் சுவடே இல்லை.

எனக்கும் பிறகு கல்யாணமாகிப் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். முனிராஜுவுக்கு இந்த வயதிலும் அத்தனையும் சொந்தப் பல். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. அவர்கள் வீட்டு விசேஷத்தில் நான் பந்தியில் உட்கார்ந்தால், பரிமாறுகிறவர் என் முன்னால் ஓர் இலையைப் போடுவார். உடனே உள்ளேயிருந்து சரோஜாவின் குரல் வரும்:

"ஏம்பா, ஒரு எலை எப்படிப்பா பத்தும்? மாமாகூட ஏழு பேரு வந்திருக்காங்க!"