விசில் ஆன்ட்டியும் ஆடி வந்த புனிதரும்

இமிக்ரேஷன் ஆபீசருக்குப் பயப்படாத தமிழனைக்கூடப் பார்த்திருக்கிறேன். விசில் ஆன்ட்டிக்குப் பயப்படாத ஒரு ஜீவனை ஜெர்சி சிட்டியில் எங்கள் தெருவில் நான் பார்த்ததே கிடையாது.

எண்பதைத் தாண்டிய இத்தாலியப் பெண்மணி. ஒரு காலத்தில் தெரு முழுக்க அவருடைய ஜனம்தானாம். இப்போது பேக்கரி இருந்த இடத்தில் தோசைக்கடை, சலூன் இருந்த இடத்தில் எகிப்துக்காரரின் செல்போன் கடை, மாடியெல்லாம் எங்களைப் போன்ற ஐடி கும்பல். ஆன்ட்டி மட்டும் வாசல்படியில், கழுத்தில் விசிலோடு. காரைக் கோணலாக நிறுத்தினால் விசில். குப்பைத்தொட்டியை மூடாவிட்டால் விசில். என் மனைவி போனில் ஊருக்குச் சத்தமாகப் பேசினதற்கும் ஒரு விசில்! ஸ்கூல் பஸ்ஸுக்குப் பிள்ளைகளை விரட்டும் நம் அம்மாக்களிடமிருந்து ஒரே ஒரு தமிழ் வார்த்தை பிடித்துவைத்திருந்தார்: "சீக்கிரம்!"

போன கோடையில் விவகாரம் முற்றியது. வருஷா வருஷம் இத்தாலிக்காரர்கள் தங்கள் சர்ச் புனிதரின் சிலையைத் தோளில் தூக்கித் தெருவைச் சுற்றி வருவார்கள். எட்டுப் பேர் வேண்டும். அவர்களில் மிச்சமிருந்தது மூன்று கிழவர்கள், மூவருக்கும் சேர்த்து நல்ல முழங்கால் இரண்டுதான். ஆள் இல்லையென்றால் இதோடு நிறுத்திவிடலாம் என்றார் பாதிரியார். ஊர்வலம் நின்றால் தன்னோடு ஃப்ளோரிடாவுக்கு வந்துவிட வேண்டும் என்று ஆன்ட்டியின் மகள் எப்போதோ வாக்கு வாங்கியிருந்தாள். பெட்டியோடு வந்தும் இறங்கிவிட்டாள்.

"போகட்டுமே, நிம்மதியா பார்க் பண்ணலாம்" என்றேன்.

பக்கத்து வீட்டு சேவியர் தூத்துக்குடிக்காரர். முறைத்தார். "என்னவே பேசுதீரு? சப்பரம் நின்னுட்டா தெரு விளங்குமா? வாரும், தோளக் குடும்!"

அவர் இன்னும் மூன்று பேரை இழுத்துவந்தார். ஆக எட்டு. ஆன்ட்டிக்கு எங்கள்மேல் துளி நம்பிக்கை இல்லை. "கீழே போட்டீங்கன்னா ஒருத்தனும் உயிரோட வீடு போக மாட்டீங்க" என்று ஆங்கிலத்தில் ஆசீர்வதித்து அனுப்பினார்.

தெருமுனை வரை ஒழுங்காகத்தான் போனோம். அங்கே பேண்டுக்காரன் டிரம்மை அடித்தான், வந்தது வினை. கும்பகோணத்தில் பெருமாளைத் தூக்கிப் பழகின கால் சும்மா இருக்குமா? நான் இடது பக்கம் சாய்ந்தேன். தூத்துக்குடியில் சப்பரம் தூக்கின சேவியரும் சாய்ந்தார். அப்புறம் வலது. புனிதர் ஊஞ்சலாடினார். பின்னால் ஒரு கிழவரின் முழங்கால் மடங்கியது. சிலை சரிந்து, கிரீடம் ஒரு கண்ணை மறைத்தது. பாதிரியார் கண்ணை மூடிக்கொண்டார். போச்சுடா, ஆன்ட்டியை நாமே ஃப்ளோரிடாவுக்கு மூட்டை கட்டிவிட்டோம்!

"சீக்கிரம்! சீக்கிரம்!" ஆன்ட்டி ஓடிவந்து, இரண்டு கையாலும் சப்பரக் கட்டையைத் தாங்கினார். தம்கட்டி நிமிர்த்தினோம்.

"ஏன் ஆட்டினீங்க?"

"எங்க ஊர்ல சாமி இப்படித்தான் வரும், ஆன்ட்டி. பழக்கதோஷம்."

ஆன்ட்டி சிலையை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அப்பா தூக்கின காலத்துல இவரும் ஆடித்தான் வருவார். அப்புறம் ஆட்டறதுக்கு ஆளே இல்லாம போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ம், ஆட்டுங்க!"

ஆட்டினோம். தெருவே கைதட்டியது. சர்ச் வாசல்வரை ஆட்டிக்கொண்டே போய்ச் சேர்த்தோம்.

மகள் தனியாகத்தான் ஃப்ளோரிடாவுக்குக் கிளம்பினாள். அவள் பெட்டியை டாக்சியில் ஏற்றிவிட்டுத் திரும்பினால் ஆன்ட்டி நிற்கிறார்.

"தோள் வலிக்குதா?" என்றார், முதல்முறையாக மெதுவான குரலில்.

உயிர் போகிற வலி.

"இல்ல ஆன்ட்டி. நீங்க இங்கேயே இருந்தா போதும்" என்றேன்.